முதல் எழுத்தை நீங்களே வெட்டுங்கள்

அட்டன், நுவரெலியாப் பக்கத்துப் பாடசாலைகளில் ஆண்டு மலரும் கையெழுத்துப் பத்திரிகையும் தயாரிக்கும் மாணவர்களுக்கும், அவர்களோடு சேர்ந்து தூக்கம் கெடும் பொறுப்பாசிரியர்களுக்கும்



அட்டனில் அச்சுக்கூடங்களில் ஈய எழுத்துக் கோத்துப் பழகியவன் நான். இப்போது கணினியில் பக்கம் அமைக்கிறேன். 2023இல் ‘மலையகம் 200’ என்று ஊரெல்லாம் மலர் வெளியிட்டபோது என் மேசைக்கு வந்து சேர்ந்தவற்றில் பாடசாலை மலர்களே அதிகம். அதன் பிறகும் வந்துகொண்டிருக்கின்றன. வாசித்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். உள்ளே இருப்பதெல்லாம் உங்கள் சரக்கு. அப்பாயி சொன்ன கதை, தோட்டத்துப் பெயர் வந்த விதம், கொழுந்து மலையில் அட்டைக் கடி, கொழும்புக் கடையில் வேலைக்குப் போன அண்ணனுக்கு ஒரு கவிதை. குறை சொல்ல எனக்கு அதில் ஒன்றுமில்லை.

நான் பேச வந்தது ஒவ்வொரு கட்டுரையின் முதல் எழுத்தைப் பற்றி. அதைப் பெரிதாக்கி, ஒரு பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் அலங்காரம் போட்டிருக்கிறீர்கள். அந்த அலங்காரத்தில் திராட்சைக் கொடி படர்கிறது. ஒரு மலரில் ரோசாப்பூ, இன்னொன்றில் சிறகு வைத்த வெள்ளைக்காரக் குழந்தை. பெரட்டுக்களத்தைப் பற்றி ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை நெஞ்சைப் பிடித்து எழுதியிருக்கிறாள். அதன் வாசலில் திராட்சைக் குலை தொங்குகிறது. நுவரெலியா மாவட்டத்தில் திராட்சைத் தோட்டம் எங்கே இருக்கிறது என்று நான் தேடவில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைத்ததை எடுத்து ஒட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். அது குற்றமில்லை. ஆனால் அந்தச் சின்னப் பெட்டி எங்கிருந்து வந்தது, யார் எதற்காக அதைச் செய்தார்கள் என்று தெரிந்தால் அடுத்த மலரில் வேறு மாதிரி செய்வீர்கள் என்று நினைக்கிறேன்.

ஐரோப்பாவில் அச்சு வருமுன் புத்தகம் கையால் எழுதப்பட்டது. எழுதுகிறவர் ஒருவர், முதல் எழுத்தைச் சிவப்பிலும் நீலத்திலும் தீட்டுகிறவர் இன்னொருவர். அந்த நாளில் பக்க எண் கிடையாது, பத்திப் பிரிப்பும் குறைவு. வாசிக்கிறவர் கண்ணை நிறுத்த ஓர் இடம் வேண்டும். பெரிய வண்ண எழுத்து அந்த வேலையைச் செய்தது. 1455 வாக்கில் மைன்ஸ் நகரத்தில் குட்டன்பெர்க் பைபிளை அச்சடித்தபோது இதையும் இயந்திரத்திலேயே முடிக்கப் பார்த்தார். முதல் சில பக்கங்களில் தலைப்பு வரிகளைச் சிவப்பில் அச்சிட்டார். ஒரே தாளை இரண்டு தடவை இயந்திரத்தில் ஏற்ற வேண்டியிருந்ததால் வேலை இரட்டிப்பானது, கைவிட்டார். முதல் எழுத்து வரவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு, வாங்குகிறவரே ஓவியரைப் பிடித்து வரைந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அதனால் இன்று எஞ்சியிருக்கும் குட்டன்பெர்க் பைபிள்களில் ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. சிலவற்றில் பொன் பூசிய எழுத்து. சிலவற்றில் வெறும் சிவப்பு.

அவரோடு வழக்காடிப் பிரிந்த ஃபுஸ்ட்டும், அவரிடம் தொழில் பார்த்த ஷோஃபரும் சேர்ந்து 1457இல் ஒரு சங்கீதப் புத்தகம் வெளியிட்டார்கள். அச்சிட்டவர் பெயரும் தேதியும் போட்டு வந்த முதல் ஐரோப்பிய அச்சு நூல் அதுதான். அதில் பெரிய முதல் எழுத்துகளை உலோகத்தில் இரண்டு துண்டாகச் செய்தார்கள். எழுத்து ஒரு துண்டு, சுற்றியுள்ள கொடி வேலை ஒரு துண்டு. ஒன்றுக்குச் சிவப்பு மை, மற்றதற்கு நீலம். தனித்தனியே மை தடவி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, கறுப்பு எழுத்தோடு சேர்த்து ஒரே அழுத்தில் அச்சிட்டார்கள் என்பது ஆய்ந்தவர்கள் சொல்வது. ட்ரெடில் மிஷினில் இரண்டு நிறக் கலியாணக் கார்டு அடித்து, நிறம் நிறத்தின் மேல் ஏறாமல் நிறுத்தப் பட்ட பாடு எனக்குத் தெரியும். அந்த மனிதர்களுக்கு ஒரு கும்பிடு.

பிறகு வந்தவர்கள் இத்தனை சிரமப்படவில்லை. மரத்தில் வெட்டினார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. ஈய எழுத்தில் மை ஒட்டும் பாகம் மேலே புடைத்து நிற்கும். மரக்கட்டையிலும் வேண்டாததைச் செதுக்கி எடுத்துவிட்டால் வேண்டியது புடைத்து நிற்கும். கட்டையின் உயரத்தை எழுத்தின் உயரத்துக்குச் சரியாக அறுத்துவிட்டால் இரண்டையும் ஒரே சட்டத்தில் பூட்டி ஒரே அழுத்தில் எடுக்கலாம். செம்புத் தகட்டில் கீறிய படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்கு மை பள்ளத்தில் நிற்கும். தனி இயந்திரம் வேண்டும். ஆகவேதான் சித்திர முதல் எழுத்து நெடுங்காலம் மரத்தை விட்டு நகரவில்லை.

வெனிஸ் நகரத்தில் 1476 முதல் பத்து வருடம் எர்ஹார்ட் ராட்டோல்ட் என்ற ஜெர்மன்காரர் அச்சுக்கூடம் நடத்தினார். 1482இல் யூக்ளிட்டின் கணித நூலை முதன்முதலாக அச்சிட்டவர் அவர். அவர் வெட்டுவித்த முதல் எழுத்துகளில் கறுப்புத் தரையில் வெள்ளைக் கொடி முறுக்கி முறுக்கி ஓடும். நீங்கள் இணையத்தில் இறக்கிய அந்தக் கொடிக்கு இவரே முப்பாட்டன். நடுவில் ஒரு பேரன் உண்டு: இங்கிலாந்தின் வில்லியம் மொரிஸ். 1891இல் கெல்ம்ஸ்கொட் அச்சகத்தைத் தொடங்கியவர். ராட்டோல்ட் போன்றவர்களின் பழைய புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்து, அந்த வழியில் தானே எழுத்து வரைந்து, 1896இல் ஆங்கிலக் கவிஞர் சோசரின் கவிதைகளைப் பெரும் நூலாக வெளியிட்டார். கொடியும் இலையும் சுற்றிய ‘பழைய காலத்து’ எழுத்து என்று இலவசமாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அவரையும் அவரைப் பார்த்துப் போட்டவர்களையும் பார்த்துப் போட்டவை.

அந்த மொரிஸின் இயந்திரத்துக்கும் நம் மலைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது, பலருக்குத் தெரியாது. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன், இலங்கையில் கனிப்பொருள் ஆய்வுத் தலைவராக வேலை பார்த்த காலத்தில் கண்டிப் பக்கத்துக் கைவினைஞர்களைத் தேடித் தேடிப் பார்த்தார். பிறகு இங்கிலாந்து போய், மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தம் பெரும் நூலை 1908இல் அச்சிட்டார். எந்த இயந்திரத்தில்? மொரிஸ் சோசரை அச்சிட்ட அதே கை இயந்திரத்தில். 425 பிரதிகள் மட்டும். கண்டி ராச்சியத்துத் தட்டாரும் ஓவியரும் பாய் பின்னுகிறவரும் அதில் இருக்கிறார்கள். கோயில் சுவரில் ஓடும் கொடியின் ஒவ்வொரு வளைவையும் வரைந்து காட்டியிருக்கிறார். அந்த நூல் பேச எடுத்த காலம் வேறு, ஆகவே அதே மலைகளில் அன்று தேயிலை நட்டுக்கொண்டிருந்த நம் ஆட்கள் அதில் இல்லை என்று அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நான் அறிந்தவரை வேறு எவரும் அந்த மாதிரி உட்கார்ந்து நம் இஸ்தோப்புக் கோலத்தையும் காமன் கூத்து முடியையும் வரைந்து வைக்கவில்லை. அந்த வேலை இன்னும் அப்படியே கிடக்கிறது. பிள்ளைகளே, யாருக்காக என்று கேட்காதீர்கள்.

இனி, எழுத்துக்குள் என்ன வைத்தார்கள் என்று பார்ப்போம். பூவும் கொடியும் மட்டுமென்று நினைத்தால் தவறு. கையெழுத்துக் காலத்திலேயே சங்கீதப் புத்தகத்தின் முதல் எழுத்துக்குள் தாவீது அரசன் யாழோடு உட்கார்ந்திருப்பார். பாட்டு அவருடையது என்று நம்பியதால், பாடுகிறவரை வாசலில் உட்காரவைத்தார்கள். எழுத வாசிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்து இது இன்ன புத்தகம் என்று சொல்லிவிடுவார்.

ஹோல்பைன் என்ற ஓவியர் 1520களில் மரண அகரவரிசை ஒன்று வரைந்தார். 24 எழுத்து, ஒவ்வொன்றும் ஓர் அங்குலத்துக்கும் சின்னது. ஏறக்குறைய ஒவ்வொரு எழுத்தின் பின்னாலும் எலும்புக்கூடாக மரணம் வந்து ஒருவரைப் பிடிக்கிறது. பாப்பரசரை ஒரு எழுத்தில், அரசனை ஒரு எழுத்தில், சூதாடியை, குழந்தையை. முதல் எழுத்தில் எலும்புக்கூடுகள் மேளமும் எக்காளமும் வாசிக்கின்றன. கடைசி எழுத்தில் இறுதித் தீர்ப்பு. லுட்ஸல்பர்கர் என்ற மர வெட்டுக்காரர் அந்த அங்குலத்துக்குள் அத்தனை முகத்தையும் வெட்டினார். 1543இல் பாசல் நகரத்தில் வெசாலியஸின் உடற்கூற்று நூல் வந்தது. மருத்துவ வரலாற்றில் பெரிய புத்தகம். அதன் முதல் எழுத்துகளில் கொழுகொழுக் குழந்தைகள் விளையாடுகின்றன. கிட்டப்போய்ப் பார்த்தால் அவை விளையாடவில்லை. பிணம் திருடுகின்றன, எலும்பை அண்டாவில் வேகவைக்கின்றன, பன்றியை மேசையில் கட்டி அறுக்கின்றன. உடலை அறிய அந்நாளில் என்ன என்ன செய்ய வேண்டியிருந்தது என்பதை, பெரிய படங்களில் காட்ட முடியாததை, எழுத்தின் மூலையில் வைத்துவிட்டார்கள். எனக்கு இந்த நூலின் முதல் எழுத்துகள்தான் மற்றெல்லாவற்றையும்விடப் பிடிக்கும். புத்தகத்தின் இரகசியத்தைச் சொல்கிற முதல் எழுத்து இது.

பிரான்ஸில் ஷொஃப்ருவா தொரி என்பவர் 1529இல் எழுத்தின் வடிவத்துக்கென்றே ஒரு புத்தகம் போட்டார். ஒவ்வொரு எழுத்தையும் மனித உடலின் அளவுக்கு அளந்து பார்த்தார். ஆங்கில அகரவரிசையில் கவட்டைக் கம்பு போல இருக்குமே ஓர் எழுத்து, ஒய், அதை வாழ்க்கையின் இரண்டு பாதை என்றார். தடித்த கிளை இன்பத்தின் பாதை. அதன் முடிவில் தண்டனை. மெலிந்த கிளை ஏற்றம். அதன் முடிவில் மாலை. பிதாகரஸ் சொன்னதாக நெடுங்காலம் நம்பப்பட்ட கருத்து அது. கொஞ்சம் மிகைதான் என்பது என் அபிப்பிராயம். எல்லா எழுத்துக்கும் அர்த்தம் கண்டுபிடிக்கப் போனால் கடைசியில் சாத்திரக்காரர் ஆகிவிடுவோம்.

கைக்குக் கிடைத்ததை ஒட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் 1572இல் ஆயர்களின் பைபிள் என்று சொல்லப்படும் பதிப்பு மறுபடி அச்சானது. பெரிய, கௌரவமான புத்தகம். எபிரேயருக்கு எழுதிய நிருபத்தின் தொடக்கத்தில் ஒரு சித்திர எழுத்து வேண்டியிருந்தது. அச்சுக்கூடத்துப் பெட்டியில் ஓவிட் என்ற ரோமக் கவிஞனின் புராணக் கதைகளுக்கு ஏற்ற கட்டை ஒன்று கிடந்தது. அளவும் சரியாக இருந்தது. எடுத்துப் போட்டுவிட்டார்கள். அதில் இருந்தது லீடா என்ற பெண்ணும், அன்னப்பறவை உருவத்தில் வந்த கிரேக்கத் தெய்வமும். என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை மலர்க்குழுச் சேரிடம் கேட்காதீர்கள். அந்தப் பதிப்புக்கு லீடா பைபிள் என்று பெயரே விழுந்துவிட்டது. பெரட்டுக்களத்துக் கட்டுரையில் தொங்கிய திராட்சை அவ்வளவு மோசமில்லை. ஆனால் காரணம் அதே காரணம்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். தமிழ் ஏட்டில் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் வழக்கம் கிடையாது. எழுத்தாணியால் ஓலையில் கீறும்போது எழுத்தெல்லாம் ஒரே அளவு. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற இரட்டைக் குடும்பமும் நமக்கு இல்லை. ஓலையின் தொடக்கத்தைக் காட்டியது பிள்ளையார் சுழி. இன்றைக்கும் தோட்டத்துக் கோயில் திருவிழா நோட்டீசில் நடுவில் ஒரு ‘உ’ போடாமல் அச்சுக்குக் கொடுத்தால் கோயில் கமிட்டித் தலைவர் ஒத்துக்கொள்வாரா? வேதக்காரர் நோட்டீசில் சிலுவை. முஸ்லிம் வீட்டுக் கார்டில் 786. இவையெல்லாம் வாசகத்துக்கு வெளியே, தலைக்கு மேல் நிற்பவை. வாசகத்தின் முதல் எழுத்தே அலங்காரம் பூணுவது நமக்கு அச்சோடு வந்தது.

அந்த அச்சு நமக்கு வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன், மலருக்குக் கட்டுரை தேடுகிறவருக்கு உதவும். 1554இல் லிஸ்பன் நகரத்தில் தமிழ்ப் பேச்சை ரோம எழுத்தில், கறுப்பும் சிவப்புமாக அச்சிட்டார்கள். 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே ‘தம்பிரான் வணக்கம்’ வந்தது, 16 பக்கம். என்ரிக்கே என்ரிக்கஸ் அடிகளாரின் வேலை, முத்துக்குளித்துறைப் பரதவரின் பணம். இந்தப் பழைய நூல்களை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தேடித் தமிழருக்கு நினைவூட்டியவர்களில் முக்கியமானவர் தனிநாயகம் அடிகள். நம் பேராதனையில் கற்பித்தவர். தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் அச்சுக்கூடத்துக்கு ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்து மிகப் பெரிதாக இருந்தது, தாள் தின்றது. இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈயத்தை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்து, 1715இல் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள். கொழும்பில் ஒல்லாந்தர் அச்சுக்கூடம் 1737இல் முதல் சிங்கள நூலை வெளியிட்டது, தொடர்ந்து தமிழும் அச்சிட்டது. மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் 1834இல். மலைநாட்டைப் பாடும் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ 1869இல் அச்சானது. அதே வருடம்தான் கோப்பித் தோட்டங்களை அழித்த காவிப் பூஞ்சணமும் கோப்பி இலையில் கண்டுபிடிக்கப்பட்டது. கும்மி அச்சான நேரத்தில் கோப்பிக்கு நாள் குறித்தாகிவிட்டது.

ஆங்கில அச்சுக்காரருக்கு முதல் எழுத்துக் கட்டை 24 அல்லது 26 இருந்தால் முழுத் தொகுதி. தமிழுக்கு? சொல்லுக்கு முதலில் வரும் என்று நன்னூல்காரர் சொல்லும் எழுத்துகளைக் கணக்கிட்டால் 103 வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டை வெட்ட எந்த அச்சுக்கூடத்துக்குக் கட்டும்? அது போதாதென்று நம் தோட்டத்துப் பேச்சு நன்னூலைக் கேட்டு நடப்பதில்லை. ல, ர, ட மூன்றும் சொல்லுக்கு முதலில் வரக்கூடாது என்கிறது இலக்கணம். லயம், ரப்பர், டிவிஷன் என்று பேசுகிறது தோட்டம். தமிழ்ச் சேர் சிவப்புப் பேனையால் முன்னால் ஓர் ‘இ’ சேர்த்து இலயம் என்று திருத்துவார். பரீட்சைத் தாளில் திருத்தட்டும். லயத்தைப் பற்றிய கட்டுரை மலரில் வரும்போது, ‘ல’வே முன்னால் நிற்கட்டும் என்று அவரிடம் என் சார்பில் கேட்டுப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் கொம்பு. நம் மலையின் சொற்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்: தேயிலை, தோட்டம், கொழுந்து, தொழிலாளி, பெரட்டு, கொந்தரப்பு, பேர், கோப்பி, ரோதை. ஒன்று தவறாமல் எல்லாம் கொம்பில் தொடங்குகின்றன. ஈய எழுத்துக் காலத்தில் கொம்பு தனி அச்சு. அதை முதலில் எடுத்து ஸ்டிக்கில் வைத்து, பிறகு ‘க’, பிறகு கால். கணினியில் பாமினி எழுத்துருவிலும் அதே கணக்குத்தான்: ‘கொ’ என்பது மூன்று தட்டு, முதல் தட்டு கொம்பு. முதல் எழுத்தைப் பெரிதாக்கு என்று மென்பொருளிடம் சொன்னால் அது கொம்பை மட்டும் மூன்று வரி உயரத்துக்கு ஊதிவிட்டு, ‘கா’வைப் பொடியாக அடுத்து வைக்கும். கடந்த வருடம் எனக்கு வந்த ஒரு மலரில் ஒரு பெரிய கொம்பு தன்னந்தனியே பெட்டிக்குள் நின்றது. சுற்றிலும் ரோசாப்பூ. யூனிகோட் எழுத்துருவுக்கு மாறினாலும் சில மென்பொருளில் எழுத்து உடையும். எத்தனை குறி பெரிதாக வேண்டும் என்ற இடத்தில் 1 என்றிருப்பதை 2 அல்லது 3 என்று மாற்றிப் பார்க்க வேண்டும். அச்சுக்குப் போகுமுன் தாளில் எடுத்துப் பாருங்கள். திரையை நம்பாதீர்கள்.

103 எழுத்துக்குக் கட்டை வெட்டுவது எப்படி என்ற கேள்விக்கு ஐரோப்பிய அச்சுக்காரர்களே ஒரு பதில் வைத்திருந்தார்கள். அவர்களிடமும் பணத் தட்டுப்பாடு இருந்தது. நடுவில் சதுர ஓட்டை விட்டு, சுற்றிலும் மட்டும் சித்திரம் வெட்டிய கட்டை ஒன்று செய்தார்கள். ஓட்டைக்குள் எந்த ஈய எழுத்தையும் செருகலாம். காலையில் ஒரு எழுத்து, மாலையில் இன்னொன்று. ஃபக்டோட்டம் என்று பெயர். எல்லா வேலையும் செய்கிற ஆள் என்று அர்த்தம். நம் தோட்டத்தில் எல்லா மலைக்கும் அனுப்பப்படும் கைக்காசு ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. அகலமாக ஓட்டை விட்டால் கொம்பும் எழுத்தும் காலும் மூன்றும் சேர்ந்து உட்காரும். ஒரு மலருக்கு மூன்று, நான்கு சட்டம் போதும். வரலாற்றுக் கட்டுரைக்கு ஒன்று, கவிதைக்கு ஒன்று, கதைக்கு ஒன்று.

சட்டத்தில் என்ன வரையலாம்? இதில்தான் உங்களோடு கொஞ்சம் வாதாட விரும்புகிறேன். சொன்னதும் முதலில் வரப்போவது கூடை சுமந்து சிரிக்கும் பெண். இரண்டு இலை ஒரு மொட்டு. வேண்டாம் என்பேன். லிப்டன் 1890இல் இங்கே தோட்டம் வாங்கிய காலத்திலிருந்து அந்தப் பெண்ணைத்தான் விளம்பரத்தில் போட்டுத் தேயிலை விற்றார்கள். பிளாட்டே புகைப்பட நிறுவனத்தின் அஞ்சலட்டைகளிலும் அவள்தான். பெட்டியில், டப்பாவில், விமான நிலையத்துக் கடையில், எல்லா இடத்திலும் அவள் சிரிக்கிறாள். அவள் பெயர் என்ன, அன்றைக்கு எத்தனை கிலோ, அரைப்பேர் போட்டார்களா முழுப்பேரா என்று எந்தப் படமும் சொல்லாது. அது வாங்குகிறவர் பார்க்க வரைந்த சின்னம். நீங்கள் உங்கள் அம்மாவை வரையப் போகிறீர்கள் என்றால் தலைக்கயிறு நெற்றியில் அழுத்திய தடத்தோடு வரையுங்கள். படங்கு கட்டிய இடுப்போடு, இறப்பர்ச் சப்பாத்தோடு. வெசாலியஸின் குழந்தைகளை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய படத்தில் காட்டாததைக் காட்டத்தான் அந்த மூலை.

எனக்குத் தோன்றியவற்றைச் சொல்கிறேன். தெரிவு உங்களுடையது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து ஆள் சேர்த்து அனுப்பியபோது ஒவ்வொருவர் கையிலும் ஒரு தகர வில்லை கொடுத்தார்கள். அதில் போக வேண்டிய தோட்டத்தின் இலக்கம் பொறித்திருந்தது. ஆளின் பெயர் அல்ல, தோட்டத்தின் இலக்கம். நம்மவர்கள் இந்த மண்ணில் முதலில் சுமந்த அச்செழுத்து அதுதான் என்று நினைக்கிறேன். அந்த வட்ட வில்லையையே சட்டமாக வரைந்து, இலக்கம் இருந்த இடத்தில் உங்கள் கட்டுரையின் முதல் எழுத்தை வையுங்கள். வந்த கதை சொல்லும் கட்டுரைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கடன் கணக்கு எழுதி ஆளைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய துண்டு 1921இல் ஒழிக்கப்பட்டது. அந்தக் காகிதத் துண்டின் ஓரமும் ஒரு நல்ல சட்டம்.

லயத்துக்கு வரிசையாகக் கதவுகள். ஒரே கூரை, ஒரே அளவுக் காம்பரா, கதவுக்குக் கதவு எண். நடுக் கதவைத் திறந்து அங்கே ‘ல’வை நிறுத்துங்கள். சாமி பற்றிய கட்டுரைக்கு ரோதை முனி. ஸ்டோரில் இயந்திரச் சக்கரத்துக்குக் காவலாக நிற்கும் அந்த முனியை வேறு எந்த நாட்டு அச்சுக்காரரும் வெட்டியிருக்க மாட்டார். சக்கரத்தின் நடுவட்டம் எழுத்துக்குத் தானாகவே இடம் விடுகிறது. கவிதைக்கு மார்கழிச் சிக்குக் கோலம். ராட்டோல்ட்டின் கொடிக்கும் கண்டிக் கோயில் கொடிக்கும் நடுவில் நம் அம்மாமாரின் கோட்டைத் தைரியமாக வைக்கலாம். ஒரு புள்ளியை விடாமல் சுற்றி வந்த இடத்துக்கே திரும்பும் கோடு அது. கவ்வாத்துக் கத்தியின் வளைவு, தப்பின் வட்டம், பிள்ளைக்காம்பராவின் ஏணை, இவையெல்லாம் உங்கள் கண் முன்னாலேயே இருக்கின்றன. சங்கச் சின்னத்தையும் கட்சிச் சின்னத்தையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள். அவற்றுக்கு வேறு சுவர்கள் உண்டு.

இந்த ஊருக்கு அச்சு புதிதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோ. நடேசய்யர் 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தபோது பேச்சோடு பிரசுரமும் அவருடைய ஆயுதம். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடிய பாட்டுகள் 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்று புத்தகமாயின. சி. வி. வேலுப்பிள்ளை மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்தவர். மலைநாட்டு மக்கள் பாடல்களைத் திரட்டி அச்சேற்றினார். 1960களில் மலைமுரசு, 1980களின் தொடக்கத்தில் தீர்த்தக்கரை. காசு தட்டுப்பாட்டில் நடந்த பத்திரிகைகள். அலங்காரத்துக்கு அவர்களிடம் நேரமும் இருக்கவில்லை, பிளாக் செய்யப் பணமும் இருக்கவில்லை. உங்களிடம் கைபேசிக் கமராவும் பாடசாலைக் கணினியும் இருக்கின்றன.

செய்முறை எளிது. மரம் தேடி அலைய வேண்டாம். பழைய இறப்பர்ச் செருப்பின் அடி, அல்லது பென்சில் அழிக்கும் பெரிய றப்பர், கூரான பிளேட், பெரியவர் ஒருவர் பக்கத்தில். சித்திரப் பாட டீச்சரிடம் லினோ இருந்தால் இன்னும் நல்லது. படத்தை இடவலம் மாற்றி வரையுங்கள். கண்ணாடியில் பார்த்தால் நேராகத் தெரிய வேண்டும். வெள்ளையாக வரவேண்டியதை வெட்டி எடுங்கள், கறுப்பாக வரவேண்டியதை விட்டுவிடுங்கள். கோடு மெல்லியதாக வேண்டாம், மலர் அச்சாகும் தாளில் மை பரவும். முத்திரை மை தடவி வழுவழுப்பான வெள்ளைத் தாளில் சில தடவை அழுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் மை குறைந்து, ஒரு ஓரம் உடைந்து வரும். அதைத் திருத்தாதீர்கள், அது உங்கள் கை. நல்லதை 600 புள்ளி அடர்த்தியில், கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்து, நடு ஓட்டையில் எழுத்தை வைத்துப் படமாகச் சேமித்துக் கொடுங்கள். எழுத்துருவை நம்பி விட்டால் அச்சகத்துக் கணினியில் கொம்பு மறுபடி தனியே போய்விடும்.

ஒரு பக்கத்துக்கு ஒன்றுக்கு மேல் வைக்காதீர்கள். எல்லாப் பத்தியும் பெரிய எழுத்தில் தொடங்கினால் எதுவும் தொடக்கமாக இராது. அதிபரின் ஆசிச் செய்திக்கும் அரசியல்வாதியின் வாழ்த்துக்கும் சட்டம் போடாமல் விடலாம். அவற்றுக்கு ஏற்கெனவே புகைப்படம் இருக்கிறது. பிள்ளைகளின் எழுத்துக்கு மட்டும் போடுங்கள்.

அச்சகத்தில் கோப்பைக் கொடுக்கும்போது, இடம் நிரப்புவதற்காகப் படத்தை அகலத்தில் இழுக்க வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் மறந்துபோவோம், எங்கள் தொழிலே அப்படி. கடைசிப் பக்கத்தில், அச்சகத்தின் பெயருக்கு மேலே, ‘முதல் எழுத்துகளை வெட்டியவர்’ என்று போட்டு, பிள்ளையின் பெயரும் வகுப்பும் டிவிஷனும் வரட்டும். ஹோல்பைனின் கட்டையை வெட்டிய லுட்ஸல்பர்கரின் பெயரும் அதே அகரவரிசையின் அச்சுத் தாள் ஒன்றில் இருக்கிறது.

மலர் வந்ததும் ஒரு பிரதி எனக்கு வேண்டும். காசு கொடுத்தே வாங்குவேன்.

இப்படிக்கு,
அட்டன் அச்சுக்கோப்பாளர் ஒருவர்